மாலை போட்டார்கள், பாதையை மூடினார்கள்!

பெயர்ப் பட்டியல் படிக்கிறார்கள், கைதட்டல் எழுகிறது. படம் திறக்கிறார்கள், பாராட்டுரை பொழிகிறது. அமெரிக்க நாட்டுப் பல்கலைக் கழகங்களிலே ஆண்டுதோறும் நடைபெறும் விழா இது. அந்நாளில் ஓடிப் புகழ் சேர்த்தவர், பந்தாடிப் பரிசு பெற்றவர், அவர்களை ஆளாக்கிய பயிற்சியாளர், கோப்பை கொண்டுவந்த குழு ஆகியோரைத் தேர்ந்தெடுத்து, 'புகழ் மண்டபம்' என்ற ஒன்றிலே அவர்தம் பெயரைப் பொறித்து வைக்கிறார்கள்.

நல்ல காரியம். பழிக்க நான் வரவில்லை. களத்திலே வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வைத்த மரபு நம்முடையது. ஆனால் தோழர்களே, நம் முன்னோர் கல்லை மட்டும் நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. செத்தவன் குடும்பம் சோற்றுக்கு அலையாதிருக்க நிலமும் விட்டார்கள். உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். சிந்திய உதிரத்துக்கு ஈடாக விட்ட நிலம். நடுகல் கல்வெட்டுகளிலே இன்றைக்கும் அந்தச் செய்தியைக் காணலாம். கல்லும் உண்டு, கல்லோடு கழனியும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் கல்லைத் தாராளமாக நட்டிருக்கின்றன. கழனிக்குத்தான் வழக்கு மன்றம் ஏற வேண்டியதாயிற்று.

2025 ஜூன் திங்களில் அந்த வழக்கிலே ஓர் உடன்பாட்டுக்கு நீதிபதி ஒப்புதல் அளித்தார். 2016 முதல் பல்கலைக் கழகங்களுக்காக ஆடிய இளைஞர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர், பத்தாண்டுகளில் பகிர்ந்தளிக்க வேண்டும். இனிமேல் ஒவ்வொரு பல்கலைக் கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம்; முதலாண்டுக்கு வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர்.

கணக்கைக் கேட்டு மலைக்காதீர்கள். இத்தனை பணம் இன்றைக்கு வானத்திலிருந்து குதித்ததா? இல்லை. அமெரிக்கக் கால்பந்து என்று அவர்கள் சொல்லும், கையாலும் தோளாலும் முட்டி மோதும் ஆட்டத்தைக் காண, பல்கலைக் கழக அரங்குகளிலே எண்பதாயிரம் பேர், ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். நுழைவுச் சீட்டு விற்கிறது, தொலைக்காட்சி உரிமை விற்கிறது, வீரனின் எண் போட்ட சட்டை விற்கிறது. பல மாநிலங்களிலே அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை. பல்கலைக் கழகப் பந்தாட்டப் பயிற்சியாளருக்குத்தான்! அந்தப் பயிற்சியாளர் யாரை ஆட்டி வைத்துச் சம்பளம் வாங்கினாரோ, அந்தப் பையனுக்குப் படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு. அதற்குமேல் ஒரு காசு வாங்கினால் குற்றம்!

ஏன் குற்றம்? அவன் தொழிலாளி அல்லனாம். மாணவ ஆட்டக்காரனாம்.

இந்தச் சொல் பிறந்த கதையை ஆலைத் தொழிலாளி அறிய வேண்டும். 1955-இல் கொலராடோ மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலே ரே டென்னிசன் என்ற இளைஞர், கல்லூரிக்காகக் கால்பந்து ஆடுகையில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் மாண்ட தொழிலாளியின் குடும்பத்துக்கு உரிய ஈட்டுத் தொகையைக் கேட்டார். கேட்டது நியாயந்தானே? 1957-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது: கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே ஆடியவர் தொழிலாளி இல்லை! இப்படிப்பட்ட வழக்குகளுக்கு அஞ்சித்தான் 'மாணவ ஆட்டக்காரர்' என்ற சொல்லை உருவாக்கி எல்லாக் கல்லூரிகளும் அதையே புழங்கும்படி செய்தோம் என்று, கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை 1951 முதல் 1988 வரை நடத்திய வால்டர் பையர்ஸ் என்பவரே, 1995-இல் தாம் வெளியிட்ட நூலில் எழுதிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு உண்மை பேசுவது பெரியவர்களுக்கு வழக்கம்.

மாணவன் என்பது மரியாதையான சொல், மறுப்பார் யார்? அந்த மரியாதையைக் காட்டியே ஒரு விதவையின் கஞ்சிக் கலயத்தைக் கவிழ்த்தார்களே, அதைத்தான் கவனிக்கச் சொல்லுகிறேன்.

இனி, கல் நட்ட கதைக்கு வருவோம்.

கலிபோர்னியாவிலே சான் ஹோசே மாநிலக் கல்லூரி. இன்று அது பல்கலைக் கழகம். செல்வம் கொழிக்கும் நிலையமல்ல. ஆனால் 1960-களிலே உலகத்தின் வேகமான கால்கள் அங்கேதான் ஓடின. 'வேக நகரம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த வேகத்தை விளைவித்தவர் பட் விண்டர் என்ற பயிற்சியாளர். 1941 முதல் 1970 வரை அங்கிருந்தவர். அவர் சொல்லிக்கொடுத்த வித்தை விந்தையானது. பல்லைக் கடிக்காதே, முட்டியை முறுக்காதே. தாடையைத் தளரவிடு, கையைத் தளரவிடு. உடம்பு இளகினால்தான் வேகம் பிறக்கும் என்பார். போர்க்காலத்திலே, தூக்கமில்லாமல் தவித்த கடற்படை விமானிகளுக்கு இரண்டே நிமிடத்தில் தூங்கப் பழக்கிய மனிதர் அவர். அந்தப் பாடத்தையே ஓட்டக்காரர்களுக்கும் கொண்டுவந்தார்.

அவரிடம் வந்தவர்கள் யார்? சீமான் வீட்டுச் செல்வங்கள் அல்லர். டாமி ஸ்மித், டெக்சாஸிலே குத்தகை நிலத்தில் பாடுபட்ட கறுப்பர் குடும்பத்திலே, பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். கலிபோர்னியாவுக்கு வந்தும் பருத்திக் காட்டிலே பாடுபட்ட குடும்பம். ஜான் கார்லோஸ், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலே செருப்புத் தைத்துப் பிழைத்த தந்தையின் மகன். லீ எவன்ஸ் என்பவரும் அந்தக் கூட்டந்தான்.

ஓடினால் கைதட்டினார்கள். ஓட்டம் முடிந்து உறங்க வீடு கேட்டால்? கதவைச் சாத்தினார்கள். கல்லூரியைச் சுற்றியுள்ள வீடுகளிலே கறுப்பு மாணவனுக்கு இடம் கிடைப்பது அரிது. 1967-இல் அங்கே சமூகவியல் ஆசிரியராக இருந்த ஹாரி எட்வர்ட்ஸ், தாமும் அக்கல்லூரியிலே விளையாடி வளர்ந்தவர், மாணவர்களைத் திரட்டினார். இந்த அநீதி நீங்காவிட்டால் ஆண்டின் முதல் கால்பந்துப் போட்டி நடக்காது என்றார். நடக்கவில்லை! போட்டியைக் கைவிட்டது நிர்வாகம். பார்த்தீர்களா, தோழர்களே? கோரிக்கை மனுவுக்கு அசையாத நாற்காலி, ஆட்டம் நின்றால் அசைகிறது. வேலை நிறுத்தம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வெற்றியின் சூட்டிலே பிறந்ததுதான் 'மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம்'. இன வெறியர் ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கில் சேர்க்காதே, உலக ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் பதவி விலக வேண்டும் என்று கேட்டார்கள்.

1968 அக்டோபர் 16. மெக்சிகோ நகரம். 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. முந்தைய சுற்றிலே தொடைத் தசை பிடித்துக்கொண்ட ஸ்மித், கட்டுப் போட்டுக்கொண்டு களத்திற்கு வந்தார். வெடி முழங்கியது. வளைவிலே முந்தியவர் கார்லோஸ். நேர்ப்பாதை வந்தது, ஸ்மித்தின் நெடுங்கால்கள் நீண்டன, கோட்டைத் தொடும் முன்பே இரு கைகளையும் வானுக்கு உயர்த்தியபடி பறந்து சென்றார். 19.83 வினாடி, உலகச் சாதனை! ஆஸ்திரேலியாவின் வெள்ளையர் பீட்டர் நார்மன் 20.06-இல் இரண்டாவது. கார்லோஸ் 20.10-இல் மூன்றாவது.

பிறகு பதக்க மேடை. காலிலே செருப்பில்லை, கறுப்புக் காலுறை மட்டும், அது தம் மக்களின் வறுமைக்கு அடையாளம். ஸ்மித் கழுத்திலே கறுப்புத் துணி. கார்லோஸ் கழுத்திலே மணிமாலை. மரத்திலே தூக்கிலிடப்பட்ட கறுப்பு மக்களின் நினைவாக. கார்லோஸ் தம் கையுறைகளை விடுதியிலேயே விட்டு வந்துவிட்டார். ஒரு சோடியை இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர் நார்மன். ஆகவேதான் ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை. நாட்டுப் பண் ஒலித்தது. இருவரும் தலை தாழ்த்தினார்கள், முட்டி உயர்த்தினார்கள். இரண்டாம் படியிலே நின்ற நார்மன் கை உயர்த்தவில்லை. ஆனால் அவர் மார்பிலும் அந்த மனித உரிமைத் திட்டத்தின் சின்னம் இருந்தது.

ஒரு சொல் பேசவில்லை. ஒரு கல் எறியவில்லை. எவரையும் தொடவில்லை. இழைத்த குற்றம் என்ன? ஒலிம்பிக்கில் அரசியலைப் புகுத்தினார்களாம்! சொன்னவர் யார்? பிரண்டேஜ். 1936-இல் பெர்லினிலே அமெரிக்க ஒலிம்பிக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர். அங்கே இட்லருக்குக் கை நீட்டி வணக்கம் செய்தார்களே, அது இவர் கண்ணுக்கு அரசியலாகப் படவில்லை! அவிழ்த்த விரலுக்கு அனுமதி. மடக்கிய விரலுக்குத் தண்டனை. இருவரையும் அனுப்பாவிட்டால் அமெரிக்க அணி முழுவதையுமே வெளியேற்றுவோம் என்று மிரட்டி, இருவரையும் விளையாட்டுச் சிற்றூரிலிருந்து வெளியேற்றினார்கள். பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. பதக்கம் அவர்களிடமே இருந்தது. பறிபோனது பிழைப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரியின் அன்றைய தலைவர் ராபர்ட் கிளார்க், இவர்கள் இழிவோடு திரும்பவில்லை, மதிப்புக்குரிய இளைஞர்களாகவே திரும்புகிறார்கள் என்ற கருத்திலே அறிக்கை விடுத்தார். ஆளுநர் நாற்காலியிலே ரீகன் இருந்த காலம்; அப்படிப் பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரம் அவரோடு நின்றுவிட்டது. அதன்பின் நீண்ட மௌனம்.

ஸ்மித், கார் கழுவும் வேலையைக்கூட இழந்தார். கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. கார்லோஸ், குளிருக்கு எரிக்க விறகில்லாமல் வீட்டு மரச் சாமான்களை வெட்டி எரித்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், 1969-இல் கல்லூரிகளின் தேசிய ஓட்டப் பந்தயத்திலே இதே கார்லோஸ்தான் 100 கெஜம், 220 கெஜம் இரண்டிலும் வென்று, தொடர் ஓட்டத்திலும் ஓடி, சான் ஹோசே கல்லூரிக்கு அணிப் பட்டத்தைத் தேடித் தந்தார். கோப்பை கல்லூரியின் அலமாரிக்கு. கொடுமை கார்லோஸ் வீட்டுக்கு.

பயிற்சியாளர் விண்டர் பெயர் தேசியப் புகழ் மண்டபத்திலே ஏறியது 1985-இல். அவர் மறைந்ததும் அதே ஆண்டில்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1988-இல் அந்தப் பல்கலைக் கழகம் தன் ஓட்டப் பந்தய அணியையே கலைத்தது. பணமில்லையாம்! கால்பந்துக்கு இருந்தது, ஓட்டத்துக்கு இல்லை. ஓட்டக்காரனுக்கு வேண்டியது என்ன? ஒரு பாதை, ஒரு சோடிச் செருப்பு, ஒரு விண்டர். அதுவும் கட்டுப்படியாகவில்லை. லீ எவன்ஸ் மெக்சிகோவில் 400 மீட்டரை 43.86 வினாடியில் ஓடிப் படைத்த சாதனை, இருபது ஆண்டு உலகத்தையே எதிர்த்து நின்றுவிட்டு, அந்த 1988-இல்தான் முறிந்தது. சாதனையை இன்னொரு கால் முறித்தது, முறையாகத்தான். அவர் ஓடிப் பழகிய அணியை முறித்தது ஒரு கணக்குப் புத்தகம்.

இப்படியிருக்கையிலே, புத்தாயிரம் பிறந்த பின், வகுப்பிலே ஒரு பேராசிரியர் சொன்னாராம்: இந்த இருவரும் இவ்வளவு பெரிய காரியம் செய்தார்கள், இவர்கள் படித்த கல்லூரியோ இன்றுவரை இவர்களைச் சிறப்பித்ததில்லை என்று. கேட்டுக்கொண்டிருந்த வெள்ளை மாணவர் ஒருவருக்கு மனம் பொறுக்கவில்லை. மாணவர் சங்கத்திலே தீர்மானம் கொண்டுவந்தார்; பணம் திரட்டினார்கள். 2005-இல் இருவருக்கும் கௌரவ டாக்டர் பட்டம். அதே ஆண்டு அக்டோபரிலே, ரிகோ 23 என்ற கலைஞர் படைத்த, இருபதடிக்கும் உயர்ந்த சிலை. 37 ஆண்டு கழித்து!

பாருங்கள், பெருமைப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் எங்கே பிறந்தது? புகழ் மண்டபக் குழுவிலா? நிர்வாகிகளின் அறையிலா? 1968-இல் பிறந்தேயிராத மாணவனின் நெஞ்சிலே பிறந்தது.

அந்தச் சிலையிலே ஒரு புதுமை. இரண்டாம் படி காலி. நார்மனே அப்படிக் கேட்டுக்கொண்டார்: அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் ஏறி நின்று, அந்த இருவரோடு சேர்ந்து நிற்கட்டும் என்று. திறப்பு விழாவுக்கு வந்தவர், அடுத்த ஆண்டு அக்டோபரில் மறைந்தார். ஸ்மித்தும் கார்லோசும் ஆஸ்திரேலியா சென்று அவர் உடலைத் தோளிலே சுமந்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2012-இல்! கல்லறைக்குக் காது இருந்தால் கேட்டிருக்கும். அவருடைய 20.06 வினாடி ஆஸ்திரேலிய நாட்டுச் சாதனையாக 56 ஆண்டு நின்றது. 2024 டிசம்பரில் அதை முறித்தவன், தெற்குச் சூடானிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகன், கவுட் கவுட் என்னும் பதினாறு வயதுக் கறுப்புச் சிறுவன்.

தாமதம் சான் ஹோசேயின் தனிச் சொத்தல்ல. ஓஹியோ மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஜெசி ஓவன்ஸ், 1935 மே 25-இல் ஆன் ஆர்பர் நகரிலே முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலகச் சாதனைகளை முறித்து நான்காவதைச் சமன் செய்தார். கல்லூரி விடுதியிலே அவருக்கு இடமில்லை. உதவித் தொகையும் இல்லை. வேலை பார்த்துத்தான் படித்தார். 1936-இல் பெர்லினிலே நான்கு தங்கம் வென்று வந்தவர், பிழைப்புக்காகக் குதிரையோடு பந்தயம் ஓடினார். டாக்டர் பட்டம் 1972-இல் வந்தது. அவர் பெயரால் பல்கலைக் கழக ஓட்ட அரங்கம் 2001-இல் வந்தது. அவரோ 1980-இலேயே போய்விட்டார்.

டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவுக்கும் அதே காத்திருப்பு. 1966 மார்ச் 19-இல் தேசிய இறுதி ஆட்டத்திலே, பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் ஐந்து கறுப்பு வீரர்களை முதலில் இறக்கி, வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கியை 72-65 என்று வீழ்த்தினார். ஹாஸ்கின்ஸ் 1997-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார். குழு முழுவதும் சேர்ந்தது 2007-இல். நல்ல மனிதர் ஹாஸ்கின்ஸ். அவருக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பந்தைக் கூடையில் போட்டவர்கள் அவருக்குப் பின் பத்தாண்டு காத்திருந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுகிறேன்.

சான் ஹோசே 2016-இல் ஓட்ட அணியைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. 28 ஆண்டு இடைவெளி. அதற்குள் எத்தனை பருத்திக் காட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று திரும்பினார்களோ! அறிவிப்பு நாளிலே ஸ்மித்துக்கு வயது 72, கார்லோசுக்கு 71. அமெரிக்க ஒலிம்பிக் புகழ் மண்டபம் அவர்களைச் சேர்த்துக்கொண்டதோ 2019-இல்; வெளியேற்றியவர்களின் வாரிசுகளே வரவேற்றார்கள்.

ஆகவேதான் 2025-இன் உடன்பாட்டை வரவேற்கும்போதே எனக்கு ஓர் அச்சம். உழைத்தவனுக்குக் கூலி என்பது நம் கொள்கை. அதிலே இரண்டு பேச்சு இல்லை. டென்னிசன் குடும்பத்துக்கு இல்லையென்ற கதவு எழுபதாண்டு கழித்துச் சற்றே திறந்திருக்கிறது. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? பெரும்பங்கு கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகும். நுழைவுச் சீட்டு விற்கும் ஆட்டங்கள் அவை. கோடிச் சம்பளப் பயிற்சியாளரின் பையிலே கை வைப்பார்களா? அங்கே கை வைக்க அஞ்சுகிறவர்களுக்கு, சீட்டு விற்காத ஆட்டங்கள்தான் அகப்படும். ஓட்டம், தாண்டல், எறிதல். ஏழைப் பிள்ளை வெறுங்காலோடு தொடங்கக்கூடிய ஆட்டங்கள்.

ஊகமாகப் பேசவில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகம் என்று ஒன்று. கென்யாவிலிருந்து வந்து அங்கே படித்த ஹென்றி ரோனோ, 1978-இல் 81 நாளில் நான்கு உலகச் சாதனைகளை முறித்தவர். அவர் இறந்தது 2024 பிப்ரவரியில். உடன்பாடு ஒப்புதலான அதே 2025 ஜூனிலே, அப்பல்கலைக் கழகம் தன் ஓட்டப் பந்தய அணியை நெடுந்தூர ஓட்டத்தோடு சுருக்கிக்கொள்வதாக அறிவித்தது. குறுந்தூரம் ஓடுபவர்க்கு இனி இடம் குறைவு. தாண்டுகிறவனுக்கும் எறிகிறவனுக்கும் இடமே இல்லை. காரணம், 1988-இல் சான் ஹோசேயிலே சொன்ன அதே காரணந்தான்: பணம்.